பழைய 335ஐ: பழுதும் பவரும் (கேள்வி பதில்)

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இ90 பி.எம்.டபிள்யூ 335ஐ பற்றித்தான். 3 சீரிஸ் நம் தென்னாப்பிரிக்க ரோஸ்லின் தொழிற்சாலையிலேயே கட்டப்பட்ட தலைமுறை அது; இப்போது கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியிருக்கிறது. இரட்டை டர்போ என்54 எஞ்சின், 225 கிலோவாட், 400 நியூட்டன் மீட்டர். விலைதான் இறங்கியது, பராமரிப்பு இறங்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, 1,60,000 கி.மீ. ஓடிய 335ஐ. ஸ்டேஜ் 1 மேப் (பவர் கூட்டும் எஞ்சின் கணினி ஃபைல்) போட்டுவிடலாமா?

போடலாம் தம்பி, ஆனால் முதலில் அல்ல. முதல் வேலை லாக் எடுப்பது, அதாவது ஓடும்போது எஞ்சின் கணினியின் அளவுகளைப் பதிவு செய்வது. மூன்றாம் கியரில் 2,500-இலிருந்து 6,500 ஆர்.பி.எம். வரை முழு மிதி. பதிவாக வேண்டியவை நான்கு: கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்), கிடைத்த பூஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரின் இக்னிஷன் திருத்தம், ரெயில் (இன்ஜெக்டர்களுக்கான பெட்ரோல் குழாய்) அழுத்தம். இந்த எஞ்சினில் ரெயில் 200 பார் வரை போகும். முழு மிதியில் அது சரிந்தால் ஹை பிரஷர் பம்ப், அல்லது டேங்கிலிருந்து வரும் 5 பார் பக்கம் தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் மேப் போடுவது பெட்ரோல் குறைந்த வறண்ட கலவையோடு பூஸ்ட் ஏற்றுவது, பிஸ்டன் உருகும்.

லாக் சுத்தமாக இருந்தால் ஆறு ஸ்பார்க் பிளக்கும் புதிதாக, இடைவெளி 0.55 மி.மீ. அளவில், 23 நியூட்டன் மீட்டர் முறுக்கில். அகலமான இடைவெளி கூடுதல் பூஸ்டில் தீப்பொறியை அணைத்துவிடும். அடுத்து பிளாஸ்டிக் சார்ஜ் பைப்பைத் தூக்கிவிட்டு அலுமினியம். அது த்ராட்டில் பாடி வாயிலேதான் பிளக்கும், அதுவும் முந்திச் செல்லும் நேரத்தில். டர்பன் வெக்கைக்கு, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்குவது ஆடம்பரம் இல்லை: இரண்டாவது இழுப்பிலேயே உள்ளே போகும் காற்று சூடேறி, கணினி இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பவர் அங்கேயே போய்விடும். இவை எல்லாம் ஆன பிறகு மேப்.

லெனேசியா: முழு மிதியில் பவர் வெட்டி 30எஃப்எஃப் கோடு வருகிறது. டர்போ இரண்டும் போய்விட்டது என்கிறார்கள்.

அந்தக் கோடு சொல்வது பூஸ்ட் போதவில்லை என்பது மட்டும்தான். ஏன் போதவில்லை என்று அது சொல்லாது. டர்போ வாங்குவதற்கு முன் ஸ்மோக் டெஸ்ட் செய்யுங்கள். காற்று வடிகட்டிப் பக்கத்தை அடைத்துவிட்டுப் புகையைச் செலுத்தினால் கிழிந்த குழாய், நழுவிய கிளிப், ஓட்டையான டைவர்ட்டர் வால்வு எல்லாம் தானே காட்டிக்கொடுக்கும். அடுத்து வேஸ்ட்கேட்டுக்கு (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) போகும் மெல்லிய வாக்கும் (வெற்றிட) ரப்பர் குழாய்கள். எஞ்சின் சூட்டில் பத்துப் பதினைந்து வருஷம் கிடந்தால் விரல் பட்டதும் உடையும். அத்தனையையும் ஒரே நாளில் மாற்றுங்கள், விலை சில்லறைதான். பிறகு கையால் இயக்கும் வாக்கும் பம்பை வேஸ்ட்கேட் டப்பாவில் மாட்டிப் பாருங்கள். வாக்கும் நிற்க வேண்டும், தண்டு முழுதாக நகர வேண்டும். இரண்டும் சரியென்றால் அதைக் கட்டுப்படுத்தும் இரண்டு சோலனாய்டுகளை மாற்றுங்கள். இவ்வளவும் தேறிய பிறகுதான் டர்போ மேல் சந்தேகம்.

உங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கும் இருக்கிறது. கடற்கரையில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஜோபர்க் மேட்டில் 83 சொச்சம். ஸ்டாக் வண்டி கடற்கரையில் சுமார் 60 கிலோபாஸ்கல் பூஸ்ட் போடுகிறது, ஆக உள்ளே மொத்தம் 161. அதே 161 மேட்டில் வேண்டுமென்றால் டர்போ காற்றை 1.6 மடங்குக்குப் பதில் 1.94 மடங்கு அழுத்த வேண்டும். இன்னும் வேகமாகச் சுழலும், இன்னும் சூடாக்கும். அதனால் டர்பனில் வெளியே தெரியாத சின்ன ஓட்டை உங்களிடம் கோடாக வரும். டர்பனில் செதுக்கிய மேப்பை அப்படியே மேட்டில் ஓட்டாதீர்கள் என்பதற்கும் இதே காரணம்.

லெனேசியா, இன்னொருவர்: மேட்டில் 93 ஆக்டேன் பெட்ரோல் போதும் என்கிறார்களே?

டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்குப் போதும். மெல்லிய காற்றில் சிலிண்டர் அழுத்தம் குறைகிறது, அதனால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வராது. டர்போ அந்தக் குறையைத்தான் ஈடுகட்டுகிறதே, பிறகு 93-க்கு என்ன நியாயம்? 95 போடுங்கள். மேப்பும் 95-க்கு எழுதியதாக இருக்கட்டும். வெளிநாட்டு 98 ஃபைல் வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: டவுன் ஹில் ஏறும்போது சிவப்பு வெப்ப எச்சரிக்கை, ஃபேன் அலறுகிறது. கோடு 2இ81, 2இ82.

மின்சார வாட்டர் பம்ப். உடனே ஓரம் கட்டி அணைத்தீர்கள் என்றால் ஹெட் தப்பித்தது. பம்போடு தெர்மோஸ்டாட்டையும் மாற்றுங்கள், அவிழ்க்கும் வேலை ஒன்றே. கீழிருந்துதான் எடுக்க வேண்டும்: அடித்தட்டைக் கழற்றி, ஸ்டெபிலைசர் பாரின் பிடிகளை அவிழ்த்து இறக்கினால் கை போகும். பம்பைப் பிடிக்கும் போல்ட்டுகள் அலுமினியம், ஒருமுறைக்குத்தான். பழையதை மறுபடி முறுக்கினால் தலை கையோடு வரும்.

பலர் கோட்டை விடுவது காற்று எடுக்கும் இடத்தில். நீலக் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி, தொட்டி நிறைய ஊற்றி மூடுங்கள். பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் மட்டும் ஆன். ஹெட்லைட் லோ பீம் ஆன். ஹீட்டர் சூடு உச்சம், ஃபேன் மிகக் குறைந்த படி. இப்போது ஆக்சிலரேட்டரைத் தரைவரை 10 விநாடி அமுக்கி விடுங்கள். பம்ப் தானே சுமார் 12 நிமிஷம் ஓடிக் காற்றை வெளியேற்றும். நடுவில் தொட்டி காலியானால் ஊற்றிவிட்டு மறுபடி ஒரு சுற்று.

ஃபீனிக்ஸ்: எஞ்சின் முன்பக்கம் எண்ணெய்க் கசிவு, கொஞ்சம்தான். சர்வீஸ் வரை விடலாமா?

விடாதீர்கள். ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் கசிந்தால் எண்ணெய் நேரே பெல்ட்டில் சொட்டும். நனைந்த பெல்ட் நழுவி, கிழிந்து, கிராங்க் முன் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள்ளேயே இழுபடும். அதன் பிறகு சம்ப்பைக் கழற்றி நார் பொறுக்க வேண்டும். கேஸ்கெட் ஒரு ரப்பர் வளையம்தான். மாற்றிவிட்டு, எண்ணெய் பட்ட பெல்ட்டையும் தூக்கி எறியுங்கள்.

லாடியம்: ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுதுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது.

யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி. பாக்ஸைச் செய்த இசட்.எஃப். கம்பெனியே 80,000-இலிருந்து 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஆறு கியர் பாக்ஸ் என்றால் அதற்குரிய லைஃப்கார்ட் 6 எண்ணெய்தான், வேறெதுவும் வேண்டாம். அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்தே வாங்க வேண்டும். மெக்கட்ரானிக் (கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பகுதி) சீலிங் ஸ்லீவையும் கூடவே மாற்றினால் கசிவுக் கவலை போகும். வண்டி நாலு ஸ்டாண்டிலும் சமமாக நிற்கட்டும்.

வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள். முதலில் வடித்துவிட்டு மேலது திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். தட்டுப் போல்ட்டுகள் 10 நியூட்டன் மீட்டர், குறுக்கு மறுக்காக. அளவு பார்ப்பது எஞ்சின் ஓடும்போது, ஒவ்வொரு கியரிலும் சில விநாடி நிறுத்திவிட்டு பி-க்கு வந்த பின், எண்ணெய் வெப்பம் 30-க்கும் 50-க்கும் நடுவே இருக்கையில். ஊற்றும் துளையில் மெல்லியதாக வழிந்தால் சரி. ஸ்கேனரில் வெப்பத்தைப் பார்க்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஹில்க்ரெஸ்ட்: ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போது ஸ்டீரிங் நடுங்குகிறது. பெரிய பிரேக் கிட் வாங்கவா?

வாங்க வேண்டாம் அக்கா. டிஸ்க் வளைந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் பேட் பூச்சு திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும், அல்லது ஹப் முகத்துத் துருவில் டிஸ்க் கோணலாக உட்கார்ந்திருக்கும். கடல் காற்று ஊர்க்காரர்களுக்குத் துருதான் முதல் சந்தேகம். டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேயுங்கள். 335ஐ முன் டிஸ்க் விட்டம் 348, தடிமன் 30 மி.மீ.; தடிமன் 28.4-க்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும். காலிப்பர் கைட் பின்களுக்கு கிரீஸ் வேண்டாம், துடைத்தால் போதும். வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர். புது பேட் என்றால் வேகத்தை 80 கி.மீ.-இலிருந்து 20 வரை மிதமாக எட்டுப் பத்து முறை குறைத்து, முழுதாக நிறுத்தாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் அது திரவத்தின் கோளாறு. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும்; ஈரம் ஏறியது 155-இலேயே கொதிக்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினை விட்டுப் பிடியுங்கள்.

மெரிபேங்க்: புது பேட்டரியை நானே மாட்டலாமா?

மாட்டலாம். பிறகு ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் வண்டி கிழட்டுப் பேட்டரிக்குக் கொடுக்கும் சார்ஜையே கொடுத்துப் புதியதைக் கெடுக்கும்.

டோங்காட்: அப்பாவின் குஷேஷே, அதாவது பழைய பி.எம்.டபிள்யூ 325ஐஎஸ். வருஷத்தில் ஆயிரம் கி.மீ.கூட ஓடாது. டைமிங் பெல்ட்?

நாலு வருஷத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும். வாட்டர் பம்பைச் சுற்றுவது வேறு பெல்ட்; ஆனாலும் அதையும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றுங்கள். வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறிய நிலையில் 0.25 மி.மீ. இந்த வண்டிக்கு பவர் கூட்டும் யோசனை வேண்டாம், அசலாக இருப்பதுதான் இதற்கு விலை.

ஜோபர்க்: ஆடி எஸ்4, 3.0 சூப்பர்சார்ஜர். சின்ன புல்லி போட்டால் மேட்டில் இழந்தது திரும்புமா?

பெரும்பகுதி திரும்பும். சூப்பர்சார்ஜர் புல்லி விகிதத்துக்குக் கட்டுப்பட்டது, டர்போ மாதிரி தானாக வேகம் கூட்டாது. சின்ன புல்லி அதை இன்னும் வேகமாகச் சுற்றும், சூடும் ஏறும். எனவே முதலில் முன்பக்க ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பெரிதாக்குங்கள், பிறகு புல்லி, அதற்கேற்ற மேப். விடுமுறைக்கு டர்பன் இறங்குவீர்கள் என்றால் மேப் எழுதுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: அங்கே அதே புல்லி அதிக பூஸ்ட் கொடுக்கும், பைபாஸ் வால்வு அதை வடித்துவிடும்படி எழுத வேண்டும். ஏழு கியர் எஸ் டிரானிக் எண்ணெயும் ஃபில்டரும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை. அது தவறியிருந்தால் புல்லிக்கு வைத்த காசை அங்கே போடுங்கள்.