ஜிம்மிக்காக எவ்வளவு வரை போகலாம்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். கணவருக்கு சிப்காட்டில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 55,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 14,000 உட்பட எல்லாச் செலவும் போக மாதம் 8,000 மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 70,000 இருக்கிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் கல்லூரிக்காகப் போட்ட 3 லட்சம் எஃப்.டி. அடுத்த மே மாதம் முதிர்கிறது. ஐந்து பவுன் நகையும் உண்டு. எங்கள் லாப்ரடார் ஜிம்மிக்கு எட்டு வயது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதே என்று காட்டப் போனால், லிம்போமா புற்றுநோய் என்றார்கள். சென்னையில் கீமோ கொடுக்கலாம், மருத்துவமனைக்கு மட்டும் ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். "நாய்க்கு ஒன்றரை லட்சமா?" என்கிறார் மாமியார். "என் காலேஜ் பணத்தை எடுத்துக்கோங்க" என்று அழுகிறாள் மகள். எஃப்.டி.யை உடைப்பதா, நகையை வைப்பதா, கிரெடிட் கார்டில் தேய்ப்பதா? (பெயர் வேண்டாம்)

பதில்: எட்டு வருஷம் உங்களோடு வளர்ந்த ஜீவனுக்குச் செலவு செய்வது ஊதாரித்தனம் இல்லை, அம்மா. முடியவில்லை என்று ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொள்வதும் பாவம் இல்லை. மாமியாரிடமும் மகளிடமும் இதைச் சொல்லிவிட்டுக் கணக்குக்கு வாருங்கள்.

எந்தப் பணத்தை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால், அந்தப் பணம் எதை வாங்கித் தரும் என்று பார்க்க வேண்டும். லிம்போமாவில் பி செல் வகை, டி செல் வகை என்று இரண்டு உண்டு. பி வகைக்கு முழு கீமோ கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி வடிந்துவிடும், பழையபடி ஓடியாடும். ஆனால் முற்றிலும் குணமாவது அபூர்வம். பொதுவாக ஒரு வருடத்தை ஒட்டிய ஆயுள் கிடைக்கும். டி வகையில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. எனவே எந்த வகை என்று சொல்லும் பரிசோதனைக்குத்தான் உங்கள் முதல் செலவு. அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, இது அவசரம். "இப்போதைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்போம், கீமோவை அப்புறம் பார்க்கலாம்" என்று தோன்றும். பிரட்னிசோலோன் என்கிற அந்த மாத்திரை விலை குறைவுதான், நாயும் தெம்பாகத் தெரியும். ஆனால் அதை முதலில் ஆரம்பித்துவிட்டால், பின்னால் கொடுக்கும் கீமோ சரியாகப் பிடிக்காமல் போகலாம். கீமோவுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்கப் போகிறவர்கள் இதை டாக்டரிடம் கேட்காமல் மாத்திரை தொடங்கக் கூடாது.

சரி, ஒன்றரை லட்சத்துக்கு வருவோம். உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. வழக்கமான முழு கீமோ ஏறக்குறைய ஆறு மாதம் ஓடும், பதினாறு தடவை வரை போக வேண்டியிருக்கும். கடலூரிலிருந்து சென்னைக்குப் போக வர சுமார் 370 கிலோமீட்டர். முப்பது கிலோ லாப்ரடாரை பஸ்ஸில் பெரும்பாலும் ஏற்ற விட மாட்டார்கள், வாடகைக் கார்தான். கிலோமீட்டருக்கு 13 ரூபாய் என்றாலும் 4,800. டிரைவர் பேட்டா, டோல்கேட், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒரு நடைக்கு ஆறாயிரம். பதினாறு நடைக்கு 96,000. கணவர் போடும் லீவை நான் சேர்க்கவே இல்லை. ஆக, நீங்கள் ஒன்றரை லட்சம் என்று நினைப்பது உண்மையில் இரண்டரை லட்சத்தை ஒட்டிய செலவு. மருத்துவமனைச் செலவோடு இந்தக் கார் வாடகையும் குடும்பத்தின் கையைக் கடிக்கும்.

அதனால் சென்னைக்கு ஓடுவதற்கு முன் பக்கத்திலேயே கேட்டுப் பாருங்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் போய்விட்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். கீமோவை அங்கேயே கொடுக்க முடியுமா, அல்லது முக்கியமான ஊசிகளைச் சென்னையில் போட்டுக்கொண்டு, இடையில் வரும் ரத்தப் பரிசோதனையையும் எளிய ஊசிகளையும் இங்கே பார்த்துக்கொள்ள முடியுமா என்று இரண்டு டாக்டர்களையும் கேளுங்கள். சென்னையில் தனியார் இடம் மட்டும்தான் என்றில்லை, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. எங்கே போனாலும் மருந்து, ரத்தப் பரிசோதனை, டாக்டர் கட்டணம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கீமோவில் போடும் வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோருபிசின் எல்லாமே மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்துகள்தான். ஜெனரிக்கில் கிடைக்கும், விலையை விசாரித்துவிடலாம்.

இப்போது உங்கள் பணம். 70,000இல் இரண்டு மாதத் தவணைக்கான 28,000ஐத் தொடாதீர்கள். மீதி 42,000. மாதம் 8,000 என்று ஆறு மாதத்துக்கு 48,000. ஆக 90,000 வரை யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. கீமோவின் பணம் மொத்தமாகத் தேவைப்படுவதில்லை, போகப் போகத்தான் கட்டப் போகிறீர்கள் என்பதால் இது சாத்தியம். 'பேக்கேஜ்' என்று முழுத் தொகையை முன்பணமாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான்கைந்து ஊசி போட்டும் கட்டி வடியவில்லை என்றால் மேற்கொண்டு என்ன என்பதை ஆரம்பத்திலேயே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் மீதிப் பணம் உங்கள் கையிலேயே இருக்கும்.

பக்கத்திலேயே பார்த்தும் ஒன்றரை லட்சம் ஆகிவிடும் என்றால் துண்டு விழுவது 60,000. அதற்கு நகையை வங்கியில் வையுங்கள், அடகுக் கடையில் வேண்டாம். பத்து சதவீத வட்டி என்றாலும் மாதம் 500 ரூபாய்தான். சிகிச்சை முடிந்ததும் அதே 8,000ஐ நகைக்குத் திருப்பிவிட்டால் எட்டு மாதத்தில் மீட்டுவிடலாம். கிரெடிட் கார்டுப் பக்கமே போகாதீர்கள். பாக்கி வைத்தால் மாதம் மூன்றரை சதவீதம், அதற்கு மேலும்கூட வட்டி போடுவார்கள், வருஷத்துக்கு நாற்பதைத் தாண்டும். கணவரின் பி.எஃப்.பில் மருத்துவ முன்பணம் குடும்பத்தாருக்குத்தான், ஜிம்மிக்குக் கிடைக்காது. செல்லப்பிராணிக் காப்பீடு எடுக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்கு அது பணம் தராது.

ஒவ்வொரு தடவையும் சென்னைக்கே போய் இரண்டரை லட்சம் செலவழிப்பது மட்டும்தான் வழி என்று ஆகிவிட்டால், என் ஆலோசனை: கீமோ வேண்டாம். வலிக்கு மருந்து, ஸ்டீராய்டு, அவன் விரும்பித் தின்கிற சாப்பாடு. ஓரிரு மாதம்தான் இருக்கலாம், செலவும் உங்கள் மாத மிச்சத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். எந்த வழியில் போனாலும் கடைசி நாளுக்கென்று ஐந்தாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். டாக்டரை வீட்டுக்கு அழைக்கவும், குழி தோண்ட ஆள் பிடிக்கவும் அன்றைக்குப் பணத்துக்கு அலையக் கூடாது.

மகளின் எஃப்.டி.யைத் தொட வேண்டாம். அவள் இன்று மனதாரச் சொல்கிறாள், ஆனால் ஜூனில் கல்லூரிக் கட்டணம் அவள் அழுகையைப் பார்த்துக் குறையாது. ஒரே ஒரு வேலை, அந்த எஃப்.டி. ரசீதை எடுத்துப் பாருங்கள். தானாகப் புதுப்பிக்கச் சொல்லி டிக் செய்திருந்தால் இப்போதே வங்கியில் எழுதிக் கொடுத்து மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மே மாதம் அது மறுபடி பூட்டிக்கொள்ளும், கட்டணம் கட்டும் நேரத்தில் அபராதம் கொடுத்து உடைக்க வேண்டிவரும்.