ஒரே அடியை அடிப்பது இசையா?

கேள்வி: சென்ற இதழில் நீங்கள் புகழ்ந்து எழுதியிருந்த ஜெர்மன் குழுவின் ஆல்பத்தைப் போனில் போட்டுக் கேட்டேன். மெட்டு இல்லை, பாடுபவர் சொல்வது விளங்கவில்லை, 18 நிமிடம் ஒரே அடியை அடிக்கிறார்கள். போதைக்காரர்களுக்கான இசையைக் குமரி மாவட்ட வாசகர் தலையில் கட்டுவது நியாயமா?
– வாசகர், தோவாளை

பதில்: 18 நிமிடம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டீர்களா, போன் திரையைப் பார்த்தா?

நான் எழுதியது ‘கேன்’ குழு 1971இல் வெளியிட்ட ‘டாகோ மாகோ’ பற்றி. ‘சைக்கடெலிக்’ எனப்படும், மனத்தை மயக்கும் இசை வகை. உங்களைச் சோதித்த பாட்டு ‘ஹாலேலுவா’. அதைத் தூக்கி நிறுத்துவதே ஹோல்கர் சுகாயின் பேஸ் கிட்டார்தான். போன் ஸ்பீக்கரில் அது ஏறவே ஏறாது. பாதி சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். யாகி லீபெட்சைட்டின் கை அசராமல் ஒரே தடத்தில் போகும். அதன்மேல் கிட்டார் கீறும், ஆர்கன் வந்து விலகும், பாடகர் டாமோ சுசுகி முணுமுணுப்பார், திடீரென்று கத்துவார். மணிக்கணக்காக வாசித்ததை டேப்பில் பதிந்து, வெட்டி ஒட்டிக் கோத்தவரும் சுகாய்தான். ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் பயின்றவர், கைக்கு வந்தபடி அடித்து வைக்கிற ஆள் அல்ல.

ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தால் ஆகாது என்று எழுதுகிறவர் தோவாளைக்காரர் என்பதுதான் எனக்கு வியப்பு. அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டதில்லையா? வீசுகோல் நாணில் விழுந்து மணிகள் குலுங்க, குடமும் உடுக்கையும் முடுக்க, நள்ளிரவு தாண்டியபின் பாட்டில் பாதிச் சொல் காதில் விழாது. சாமி வருகிற நேரத்தில் ‘மெட்டு எங்கே?’ என்று எவரும் கேட்டதில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. வில்லுக்குக் கதை உண்டு, தெய்வம் உண்டு. ‘கேன்’ இசைக்கு இரண்டும் கிடையாது. ஆனால் நேரம் செல்லச் செல்லக் காது அடியை விட்டுவிட்டு அதன் இடுக்குகளைக் கேட்கத் தொடங்குகிறதே, அது இரண்டிலும் நடக்கிறது. அதற்கு 3 நிமிடப் பாட்டில் இடமில்லை.

போதையா? இந்த வகையின் 1966, 67 ஆல்பங்கள் பலவற்றில் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளுக்குப் பங்குண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வையும் (1971) இந்த வரிசையில்தான் வைக்கிறார்கள். தம்பூரா சுருதி பிடிக்க, பேஸ் நிதானமாக ஒரே அடியெடுப்பில் நடக்க, ஹார்ப் என்கிற மேலைநாட்டு யாழ் அதன்மேல் கொட்டுகிறது. தலைப்பிலுள்ள சச்சிதானந்தர் கோயம்புத்தூரை ஒட்டிய செட்டிப்பாளையத்தில் பிறந்தவர், அமெரிக்காவின் 1969 உட்ஸ்டாக் இசை விழாவில் தொடக்கவுரை ஆற்றிய துறவி. தம் குருவை நினைத்து ஒரு பெண் வாசித்த இசையையும் போதைக் கணக்கில் எழுதுவீர்களா? நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது இந்த ஆல்பத்தைத்தான்.

இந்த வகையில் வருவதெல்லாம் தங்கம் என்று நான் சாதிக்கவில்லை. ‘டாகோ மாகோ’ இசைத்தட்டின் மூன்றாம் பக்கம் முழுவதையும் ஒரே ஓலம் அடைத்துக்கொண்டிருக்கிறது, 17 நிமிடத்துக்கு மேல். அதை மேதைமை என்று கொண்டாடும் நண்பர்கள் எனக்கு வடசேரியில் உண்டு, நான் தாண்டிவிடுவேன். ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டபிறகு திட்டி எழுதுங்கள், ஒரு வரி வெட்டாமல் அச்சிடுகிறேன்.