படிப்பு ஒருவரைக் குடும்பத்திடமிருந்தும் பூர்வீகத்திடமிருந்தும் விலக்கிவிடுமா?

விலக்கும். ஆனால் 'நாலெழுத்து படிச்சதும் தலைக்கனம் வந்துடுச்சு' என்று நம் ஆட்கள் சொல்கிற மாதிரிதான் எப்போதும் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் முதலில் விலகியது படித்த தங்கச்சி இல்லை, அப்பா.

சிங்கப்பூரில் தமிழ்வழியில் படித்த கடைசிக் கூட்டத்தில் நானும் ஒருவன். 1982-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி மூடப்பட்டதோடு இங்கே தமிழ்வழி உயர்நிலைக் கல்வி முடிந்துபோனது. ஆங்கிலம் தெரிந்தால்தான் நல்ல வேலை என்று ஆனபின் பெற்றோர்களே பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் அப்பா உட்பட. என்னைத் தமிழில் சேர்த்தவர், ஆறு வயது இளையவளை 1977-இல் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். (1987-இல் எல்லாப் பள்ளிகளுமே ஆங்கிலவழி ஆகிவிட்டன, அப்புறம் யாருக்கும் இந்த யோசனையே தேவைப்படவில்லை.) அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மூவறை வீடு, ஒரே மேசை, அதன் இந்தப் பக்கம் என் புத்தகம், அந்தப் பக்கம் அவள் புத்தகம்.

அவள் தொடக்கநிலை இரண்டில் இருந்தபோது ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளை இங்கிலீஷில் பின்தங்கியிருக்கிறாள், வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்தது துறைமுகத்து மலாயும் 'கேன்', 'கேனாட்' இங்கிலீஷும்தான். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, அவளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். தன் தமிழ் பட்டு அவள் மார்க் கெட்டுவிடும் என்று பயம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் ஊர்க் கண்மாய், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியது, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடியே கடல் கடந்தது எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார், அவள் வந்து உட்கார்ந்தால் "போய்ப் படிம்மா" என்பார். அவளும் எழுந்து போய்விடுவாள்.

படித்தாள். பல்கலைக்கழகம், பெரிய வேலை, எல்லாம் ஆனது. தாய்மொழிப் பாடத்திலும் 'ஏ' வாங்கினாள் என்பதுதான் வேடிக்கை. பாரதியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தெரியும், அப்பாவோடு சண்டை போடத் தெரியாது. நான் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துப் பிழை பார்க்கிறவன். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அப்பா கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது டாக்டர் இங்கிலீஷில் சொன்னதெல்லாம் அவளுக்குத்தான் முழுசாகப் புரிந்தது. கட்டில் பக்கம் குனிந்து, "அப்பா, உங்க கிட்னி... கிட்னி வந்து..." என்று நிறுத்திவிட்டாள். வார்த்தை வரவில்லை. அப்பா அவளுக்குத் தலையை ஆட்டிவிட்டு, என்ன சொல்றா என்பது போல என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்த பாதியை நான் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அவள் அங்கே இல்லை, லிஃப்ட் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வீட்டை விற்கும்போது ஒருநாள் எங்களுக்குள் பெரிய சண்டை. அவள் இங்கிலீஷில், நான் தமிழில். வீட்டுப் பணத்தில் ஆரம்பித்தது எங்கெங்கோ போய், உன்னைத்தானே படிக்க வைத்தார், எல்லாம் உனக்குத்தானே கிடைத்தது என்று நான் கத்திவிட்டேன். அதற்கு மட்டும் அவள் தமிழில் பதில் சொன்னாள்: "கதையெல்லாம் உனக்குத்தானே சொன்னாரு, அண்ணா."

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் வருவாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். போன வாரம் ரஜூலா கதை. டிக்கெட்டுக்கு அப்பாவுக்கு ஏது காசு என்று கேட்டாள். அத்தனை ராத்திரி கேட்டும் நான் அதை அவரிடம் கேட்டதே இல்லை.