தட்டைக் காலி செய்யாதீர்கள்

வணக்கம்.
பசிபிக் தீவு நாடான சமோவாவின் சவாயி தீவில் ஒரு கிராமத்துக் குடும்பத்தோடு மூன்று மாதம் தங்க வந்திருக்கிறேன். வந்து 10 நாள் ஆகிறது. எனக்கும் வீட்டுப் பெரியவருக்கும்தான் முதலில் பரிமாறுகிறார்கள். பிள்ளைகள் விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூப்பிட்டால் சிரிக்கிறார்கள், வருவதில்லை. வீணாக்கக் கூடாதே என்று முழுதும் சாப்பிடுகிறேன். அடுத்த வேளை இன்னும் அதிகம் வருகிறது. வாடகை தந்தால் வாங்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?
ச.

அன்புள்ள ச.,

தட்டைக் காலி செய்வதுதான் சிக்கல். அங்கே பந்தி இரண்டு. குடும்பப் பட்டம் ஏற்ற மத்தாய், முதியோர், விருந்தாளி முதலில்; பரிமாறிய இளையவர்களும் பிள்ளைகளும் பிறகு. முதல் பந்தியில் மிஞ்சுவதும் அவர்களுக்குத்தான். நீங்கள் வழித்துச் சாப்பிட்டால் ‘இன்னும் பசிக்கிறது’ என்று பொருள், பிள்ளைகளின் பங்கும் குறையும். ஒரு துண்டு சேம்பு, ஒரு பலுசாமி, கொஞ்சம் மீன் போதும். மற்றதைக் கை படாமல் விட்டுவிட்டு ‘மாஓனா, ஃபாஅஃபெதாய்’ சொல்லுங்கள்: வயிறு நிறைந்தது, நன்றி. பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். அவர்கள் வந்து உட்கார்ந்தால் பெரியவரிடம் திட்டு வாங்குவார்கள்.

பலுசாமி என்பது இளஞ்சேம்பிலையைக் கையில் கிண்ணமாகக் குவித்து, கெட்டித் தேங்காய்ப்பால், வெங்காயம், உப்பு சேர்த்துப் பொட்டலமாகக் கட்டி, உமு என்னும் சுடுகல் அடுப்பில் வேகவைப்பது. இலை அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும். நம்மூர்ச் சேம்பிலைக்கும் இதே குணம் உண்டே. சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், சிலர் உள்ளே டின் மாட்டிறைச்சியும் வைப்பார்கள்.

வாடகை என்ற சொல்லே வேண்டாம். பணத்தை உறையிலிட்டு, மீன் டின், அரிசி, சர்க்கரையோடு வீட்டு அம்மாவிடம் உட்கார்ந்தபடி இரு கையாலும் கொடுங்கள். குடும்பத்துக்கு என்று வந்தால் வாங்கிக்கொள்வார்கள். வீட்டிலுள்ள பாயை மூன்று முறை புகழ்ந்தீர்களோ, அது உங்கள் பெட்டிக்குள் வந்துவிடும். ஜாக்கிரதை!

ஃபாலே என்னும் அவர்கள் வீட்டுக்குள் நின்றுகொண்டு பேசாதீர்கள். உட்கார்ந்த பிறகே பேச்சு. சம்மணமிட்ட கால் மரத்துப்போனால் நீட்டலாம், ஆனால் மேலே லாவலாவா என்னும் இடுப்புத் துணியையோ பாயையோ போர்த்திக்கொள்ள வேண்டும். பாதம் யார் பக்கமும் திரும்பக் கூடாது. உட்கார்ந்திருப்பவர் முன்னால் நடக்க நேர்ந்தால் குனிந்து ‘துலோவு’ (மன்னிக்கவும்) என்று சொல்லிப் போங்கள். நடந்துகொண்டே கொறிப்பதும் கூடாது.

மாலையில் மணியோ சங்கோ ஒலித்தால் ‘சா’, அதாவது வீடுதோறும் செபம் நடக்கும் நேரம். பத்து இருபது நிமிடம்தான். தெருவில் நடமாட்டம் கூடாது. வெளியே மாட்டிக்கொண்டால் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.

தனியாக உலாவக் கிளம்பினால் ஒரு பிள்ளையைத் துணைக்கு அனுப்புவார்கள். அதை வேவு என்று நினைக்க வேண்டாம். தனித்திருப்பவருக்கு ஏதோ மனக்குறை என்பது அவர்கள் எண்ணம்.

கூடமாட உதவ ஆசையிருந்தால் தேங்காய் துருவுமிடத்துக்குப் போய் உட்காருங்கள். நம் துருவுபலகை போன்ற இருக்கைதான், முனையில் பல்வைத்த தகடு. ஆனால் உமு நாளில் துருவுவதும் பிழிவதும் பெரும்பாலும் இளைஞர்கள்தான். பிழியத் துணிக்குப் பதில் மரப்பட்டை நார்க்கொத்து. துருவலை அதற்குள் சுருட்டி முறுக்குவார்கள். முதல் நாளே வாங்கி முறுக்கினால் பாதிப் பால் முழங்கை வழியாகத்தான் ஓடும்.