விதைகளில் உள்ள சேர்மங்கள் இரத்தக் கொழுப்பைக் குறைக்குமா?

ஆளிவிதை, இசப்கோல் போன்றவற்றை உட்கொண்டால் மாத்திரை இல்லாமலே கொலஸ்ட்ரால் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும், ஆனால் ஓரளவுக்குத்தான்.

விதைகளிலும் அவற்றின் எண்ணெய்களிலும் உள்ள தாவர ஸ்டெரால்கள் கொலஸ்ட்ராலைப் போன்ற அமைப்புடையவை என்பதால், குடலில் அதனுடன் போட்டியிட்டு, அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம் ஸ்டெரால் சேர்ந்தால் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் வரை குறையக்கூடும். இவ்வளவு ஸ்டெராலை விதைகளிலிருந்து மட்டும் பெறுவது கடினம். செறிவூட்டப்பட்ட உணவுகளே அதற்கு உதவும்.

என் கருத்தில், அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்தது இசப்கோல் உமிதான். நீரில் இட்டதும் கூழாகிவிடும் அதன் கரையும் நார்ப்பொருள், குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்துடன் வெளியேற்றுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிய பித்த அமிலங்களை உருவாக்குகிறது. போதிய நீருடன் அருந்தாவிட்டால் இசப்கோல் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். ஆளிவிதையைப் பொடித்தே உண்ணுங்கள்; முழு விதை பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறிவிடும்.

இரத்தத்திலுள்ள மற்றொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு மிகுந்திருந்தால் இவற்றின் பயன் குறைவு. சர்க்கரை, மது, உடல் எடை ஆகியவற்றைக் குறைப்பதே முதன்மையானது. மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பரிந்துரைத்திருந்தால், விதைகளை நம்பி, அவரைக் கேட்காமல் அதை நிறுத்திவிடாதீர்கள்.