மஸில்லோடரில் குறி சேர்ப்பது: கேள்வி பதில்

(பேச்சு .50 காலிபர் இன்லைன் மஸில்லோடர், அதாவது வெடிமருந்தையும் குண்டையும் குழல்வாய் வழியே இறக்கும் துப்பாக்கி பற்றியது. குறி சேர்ப்பது என்றால் சைட் காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்வது. அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் பலரும் எடுப்பது இதைத்தான்.)

கே: ஸ்கோப் மாட்டியாச்சு. நேரே 100 கஜத்தில் குறி அட்டையை வைக்கலாமா?

ப: வேண்டாம், 25 கஜத்தில் தொடங்குங்கள். 100 கஜத்தில் முதல் குண்டு அட்டையிலேயே படாமல் போகலாம். எந்தப் பக்கம் போனது என்றும் தெரியாது. இன்னொன்று: ஸ்கோப் திருகின் கால் அங்குல கிளிக் என்பது 100 கஜத்துக்கான கணக்கு. 25 கஜத்தில் ஒரு கிளிக் 1/16 அங்குலம்தான் நகர்த்தும். ஒரு அங்குலம் தள்ள 16 கிளிக் வேண்டும். நடுவுக்கு வந்தபின் 50, அப்புறம் 100.

கே: மூன்று சுட்டால் மூன்றும் மூன்று இடத்தில் விழுகிறது. எவ்வளவு திருகணும்?

ப: சைட்டைத் தொடாதீர்கள், குழலைப் பாருங்கள். ஒவ்வொரு முறை சுட்டதும் கரி படிகிறது, அடுத்த குண்டு இறுகி இறங்குகிறது, அழுத்தம் மாறுகிறது. சுட்டபின் லேசாக ஈரமான துணி ஒன்றை இருபுறமும் திருப்பிப் போட்டுத் துடையுங்கள், பிறகு உலர்ந்த துணி. சொட்டச் சொட்ட நனைத்தால் ஈரம் அடிக்கு இறங்கி, அடுத்த மருந்து பற்றாது. குழல் கையைச் சுடும் அளவு சூடேறினால் ஆறவிடுங்கள்; குண்டைச் சுற்றியிருக்கும் சேபோ உறையின் பிளாஸ்டிக் இளகிவிடும்.

ட்ரிபிள் செவன் (கருமருந்துக்குப் பதிலான ஒரு மாற்று மருந்து) போட்டால் மருந்தறைக்குச் சற்று மேலே கெட்டியான வளையம் கட்டும். குண்டு அதன்மேல் தட்டி நின்றுவிடும். அதனால் சுத்தமான குழலில் மருந்தும் குண்டும் முழுதாக இறக்கி, ரேம்ராடில் (குண்டைத் தள்ளி இறக்கும் கோல்) குழல்வாய் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு வாய்க்கு மேலே நின்றால் சுடவே கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும்.

கே: மருந்து எவ்வளவு?

ப: 250 கிரெய்ன் சேபோ குண்டுக்கு 80 கிரெய்னில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுங்கள். துப்பாக்கியோடு வந்த கையேட்டின் உச்சவரம்பைத் தாண்டாமல், ஓட்டைகள் நெருங்கி விழும் அளவில் நிறுத்துங்கள். குண்டின் கிரெய்ன் எடை; மருந்தின் கிரெய்னோ கொள்ளளவுக் கணக்கு, அளவுக்குழாயால் அளப்பது. மாற்று மருந்தைத் தராசில் 100 கிரெய்ன் நிறுத்துப் போட்டால் அளவு மீறிவிடும். நவீனத் தோட்டாக்களின் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட ஆகாது.

கே: பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடித்தது, குண்டு போகவில்லை?

ப: குழலை அட்டைப் பக்கமே வைத்து ஒரு நிமிடமாவது அசையாமல் இருங்கள். தாமதமாகவும் பற்றும்.

கே: வேட்டைக்குப் போகும் காலையில் குழலில் எண்ணெய் இருக்குமே, சார்?

ப: உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, மருந்தும் குண்டும் போடாமல், ஒரு துணியை அடிவரை தள்ளி, குழலை ஆபத்தில்லாத பக்கம் நீட்டி, பிரைமரை மட்டும் வெடியுங்கள். வெளியே எடுத்தால் துணி நடுவில் கருகியிருக்க வேண்டும். கருகவில்லை என்றால் பிரைமரின் தீ உள்ளே போகும் தீத்துளை அடைத்திருக்கிறது. குறி சேர்க்கும் நாளிலும் முதல் குண்டுக்கு முன் இதையே செய்யுங்கள். காட்டில் கணக்கில் வருவது அந்த முதல் குண்டு ஒன்றுதான்.

கே: கொலராடோ மஸில்லோடர் சீசனுக்கு இதே ஜீரோ (சேர்த்து வைத்த குறி) போதுமா?

ப: போதாது. அங்கே அந்த சீசனில் ஸ்கோப், சேபோ, பெல்லட் மருந்து (வில்லையாக அழுத்திய மருந்து) மூன்றுக்கும் தடை. தூள் மருந்து, குழல் நிறைக்கும் ஈயக் குண்டு, திறந்த சைட் (கண்ணாடி இல்லாத குறி) என்று முதலிலிருந்து சேர்க்கணும். குண்டு போகவேண்டிய பக்கமே பின் சைட்டை நகர்த்துங்கள். முன் சைட் என்றால் எதிர்ப்பக்கம். குண்டு தாழ்ந்தே விழுந்து, பின் சைட்டும் உச்சியில் நின்றுவிட்டால், முன் சைட்டின் தலையை அரத்தால் இரண்டிரண்டு இழுப்பாகத் தேய்த்துச் சுட்டுப் பாருங்கள். தேய்த்த உலோகம் திரும்ப வராது.