இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இரவில் ஏன் தூக்கம் கலைகிறது, பகலில் ஏன் அசதி?

இரவில் சிறுநீருக்கு அடிக்கடி எழுவது முக்கியக் காரணங்களில் ஒன்று. ரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுதும் திரும்ப உறிஞ்ச முடியாது. சிறுநீரில் வழியும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், உப்புத் தூவிய மாங்காய் நீர் விடுவதைப் போல. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவருக்கு இரண்டு முறை எழுந்தாலே தூக்கம் போச்சு.

மாலை 4 மணிக்குமேல் தே தாரிக், கோப்பி வேண்டாம். கால் வீக்கமா? மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்திப் படுங்கள். இல்லையேல் காலில் தேங்கிய நீர் இரவில் படுத்த பிறகுதான் சிறுநீராக இறங்கும். நீர் மாத்திரையை (சிறுநீரைக் கூட்டும் மருந்து) காலையில் போடலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் அது வேறு கோளாறு, அதையும் சொல்லிவிடுங்கள்.

தண்ணீரைக் குறைத்தால் போதும் என்பது தவறு: சர்க்கரை இறங்காதவரை உடம்புதான் வறளும்.